காத்திருக்கும் விளக்கு

ஆடிக்கு மாப்பிள்ளையை அழைப்பது நம் ஊர் வழக்கம். அமெரிக்காவிலிருந்து வருகிற மாப்பிள்ளை என்றால் மாமியாராகப்பட்டவள் மனசிலே என்ன நினைப்பாள்? வாசனைப் புட்டி ஒன்று, சாக்லெட் பெட்டி நாலு, நல்ல பாதாம் பருப்பு கொஞ்சம். இவ்வளவுதான். நான் பேராசைக்காரி அல்ல. ஆனால் 2022-ஆம் வருஷம் ஆடி மாதம் எங்கள் மாப்பிள்ளை சியாட்டில் நகரத்திலிருந்து செங்கற்பட்டு வந்து இறங்கியபோது, பெட்டியைத் தூக்கிய ஆட்டோக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏம்மா, நம்ம ஊரிலே அம்மிக்கல் கிடைக்கலையா?" என்று கேட்டார்.

பெட்டியைத் திறந்தால் இரண்டு குண்டுக் கறுப்பு டெலிபோன்கள்! விரலை விட்டு எண்ணைச் சுழற்றுகிற பழைய காலத்துப் போன்கள். அடியிலே வரிசையாக ஆறு பொத்தான். முதலாவது சிவப்பு, மற்ற ஐந்தும் கற்கண்டு மாதிரி வெளுப்பு. கூடவே ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் செருகுவதற்குச் சில அட்டைகள், தடிமனான கம்பிக் கொத்து.

"அத்தை, இதற்குப் பெயர் ஒன் ஏ டூ. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவில் இது இல்லாத ஆபீஸே கிடையாது" என்றார் மாப்பிள்ளை, ஏதோ நவரத்தின மாலையைக் கொண்டுவந்து விட்டவர் மாதிரி.

"அங்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள், நாம் எடுத்துக்கொண்டோமாக்கும்" என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, "ரொம்ப சந்தோஷம், மாப்பிள்ளை" என்றேன்.

சியாட்டிலில் கனெக்ஷன்ஸ் மியூசியம் என்று ஒன்று இருக்கிறதாம். சுமார் நூறு வருஷத்துக்கு முந்திய டெலிபோன் எக்ஸ்சேஞ்சு யந்திரங்களைத் தொண்டர்கள் துடைத்து, எண்ணெய் போட்டு, இன்றைக்கும் ஓட விடுகிறார்களாம். அங்கே போய் வந்ததிலிருந்து அவருக்கு இந்தப் பைத்தியம். நம் வீட்டுக்காரருக்கோ பைத்தியம் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். மாமனாரும் மாப்பிள்ளையும் அன்றைக்கே கொல்லைக் கொட்டகையில் உட்கார்ந்தவர்கள், சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட்டும் வரவில்லை.

பத்து நாளில் மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார். இரும்புப் பெட்டி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். "ஒரு போனுக்கு எதற்கு ஆறு பொத்தான்?"

இவர் விளக்கினார். அந்த நாளில் ஓர் ஆபீசில் ஐந்து டெலிபோன் லைன் இருந்தால் மேஜை மேலே ஐந்து போனை வரிசையாக வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஐந்து லைனையும் ஒரே போனுக்குள் கொண்டுவந்து, லைனுக்கு ஒரு பொத்தானும் பொத்தானுக்குள் ஒரு சின்ன விளக்கும் வைத்தார்கள். விளக்கு நிதானமாக விட்டு விட்டு எரிந்தால், யாரோ கூப்பிடுகிறார்கள். நிலையாக எரிந்தால், அந்த லைனில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீ குறுக்கே புகாதே. படபடவென்று கண் சிமிட்டினால், அந்த லைனில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், மறந்துவிடாதே. அப்படிக் காத்திருக்க வைப்பதற்குத்தான் அந்தச் சிவப்புப் பொத்தான்.

ஆக, ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஜோடிக் கம்பி போதாது. பேச்சுக்கு ஒரு ஜோடி. 'போனை எடுத்தாயிற்று' என்று இரும்புப் பெட்டிக்குச் சேதி சொல்ல ஒரு ஜோடி. விளக்குக்கு ஒரு ஜோடி. இப்படியாக ஒரு போனுக்குப் போகிற கேபிளுக்குள் 25 ஜோடி, அதாவது 50 கம்பி!

ஐம்பது கம்பியில் எது எது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வண்ணக் கணக்கு இருக்கிறது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து நிறம் ஒரு பக்கம். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஐந்து நிறம் மறு பக்கம். வெள்ளையோடு நீலம் சேர்ந்தால் முதல் ஜோடி. வெள்ளையோடு ஆரஞ்சு இரண்டாவது. இப்படியே ஊதாவோடு சாம்பல் வரும்போது இருபத்தைந்தாவது. ஐயைந்து இருபத்தைந்து. பௌதிக வாத்தியார் இதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு தடுமாறினார். பாவாடைக்குப் பூ வேலை செய்து பழகிய எனக்கு அது ஒரு நாழிகை வேலை. உடல் நிறம் ஐந்து, கரை நிறம் ஐந்து என்று புடைவைக் கணக்காக வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கம்பி பிரித்துக் கொடுக்கிற உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது. சம்பளம் கிடையாது.

மற்ற அறைகளுக்குச் சாதாரணப் போன்கள் வேண்டியிருந்தன. மாமல்லபுரத்தில் மூடிப்போன ஒரு விடுதியின் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடித்துப் போய், நாலு பழைய சுழற்று போன்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார் இவர். கடற்கரை உப்புக் காற்று இருக்கிறதே, அது ரதக்கல்லையே அரிக்கிறது. பித்தளைத் தகட்டை விடுமா? உள்ளே ஒரே பச்சைக் களிம்பு. மணியின் இரண்டு கிண்ணங்களையும் நான் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். உள்ளே தொட்டுக்கொள்கிற மெல்லிய தகடுகளுக்குப் புளி கூடாதாம். ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத் துண்டை நடுவில் விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். வாய் வைத்துப் பேசுகிற பக்கத்தில் கரித்துகள் இருக்கிறது. நம் குரலின் அதிர்வில் அந்தத் துகள்கள் நெருங்கியும் விலகியும் கொடுப்பதால்தான் மின்சாரம் கூடிக் குறைந்து பேச்சாகப் போகிறது. ஈரத்தில் அது கட்டி தட்டிப்போனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறாற்போல் இருக்கும். அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? உள்ளங்கையில் நாலு தட்டு. உப்பு ஜாடியைத் தட்டுகிற மாதிரியேதான்!

வெளியூர் லைன் எதையும் இதில் சேர்க்கவில்லை. அனுமதியில்லாமல் சேர்க்கவும் கூடாது. ஆபீஸ்களில் வைத்திருப்பார்களே இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி, அதில் பழசாக ஒன்றையும், 25 ஜோடிக் கேபிளையும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தார். அந்தப் பெட்டிதான் எங்கள் வீட்டு எக்ஸ்சேஞ்சு. அதற்கு மின்சாரம் நின்றாலும் ஓட பாட்டரி உண்டு. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளும் இப்படித்தான், 48 வோல்ட் பாட்டரியில் ஓடின. ஊரே இருட்டாகிவிட்டாலும் போன் மட்டும் பேசியதன் ரகசியம் அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே. உங்கள் வீட்டுக்காரருக்கும் இந்த ஆசை வந்தால், 230 வோல்ட் பக்கத்து வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடச் சொல்லுங்கள். மணி அடிக்கிற சமயத்தில் போன் கம்பியிலும் சுமார் 75 வோல்ட் வரும். தொட்டால் சுரீர் என்று வாங்கும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வெட்டவெளியில் கம்பி இழுக்கவே கூடாது. இடி இறங்குகிற வழி அது.

இனி, என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 1963-இல், இருபத்தொரு வயசில், சென்னையில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். செங்கற்பட்டிலிருந்து தினம் ரயிலில் போய் வந்தவர். அந்தக் காலத்தில் மதுரைக்குப் பேச வேண்டுமானால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண கால், அவசர கால், பல மடங்குக் கட்டணத்தில் மின்னல் கால் என்று தினுசுகள் உண்டு. மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டரின் குரல் குறுக்கே வரும். அந்தக் குரல்களில் ஒன்று எங்கள் அத்தையுடையது.

டெலிபோனில் பெண் குரல் எப்படி வந்தது என்பதே ஒரு கதை. அமெரிக்காவில் முதலில் பையன்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் பேசுகிறவர்களோடு சண்டை பிடித்தார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டன் நகரத்தில் எம்மா நட் என்ற பெண்ணை நியமித்தார்கள். அதிலிருந்து அது பெண்கள் வேலை ஆயிற்று. நம் சென்னைக்கு 1882-லேயே எக்ஸ்சேஞ்சு வந்துவிட்டது. ஆபரேட்டரே வேண்டாம் என்று தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்து 1891-இல் உரிமை வாங்கிய ஸ்ட்ரோஜர் யார் தெரியுமா? பிணச் சடங்கு நடத்திக் கொடுக்கிற வியாபாரி! தனக்கு வர வேண்டிய கால்களையெல்லாம் ஆபரேட்டர் அம்மாள் போட்டிக் கடைக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற கோபத்தில்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். நம் நாட்டில் 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே நேரடியாகச் சுழற்றிப் பேசும் வசதி வந்தது. பிறகு மெல்ல மெல்ல எல்லா ஊருக்கும் வந்தது. டிரங்க் போர்டுகள் ஒவ்வொன்றாக மூடின. அத்தை 2000-இல் ஓய்வு பெற்றார்.

2019-இல் மாமனார் காலமானார். அதற்கு மறு மாசம், ஏதோ சமையல் விஷயம். சாம்பாரில் உப்பா புளியா என்பதுகூட இப்போது மறந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னேன். "எல்லாத்திலேயும் குறுக்கே பேசாதீங்க, அத்தை" என்று.

அவ்வளவுதான். அத்தை சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. "சரிம்மா" என்றார். முழங்கால் வலிக்குத் தோதாகப் பின்கட்டு அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்று போய்விட்டார். அதன் பிறகு நான் எதைக் கேட்டாலும், "சரிம்மா", "போதும்மா". முற்றத்தைத் தாண்டினால் இருபது அடி. அந்த இருபது அடியில் மூன்று வருஷம் ஓடிவிட்டது. செல்போன் வாங்கிக் கொடுத்தோம். காது மந்தம், அதன் கிணுகிணுப்பு அவருக்குக் கேட்பதில்லை. வழவழவென்ற கண்ணாடியில் விரல் எங்கே படுகிறதென்றும் புரிவதில்லை. அது அலமாரியில் தூங்கியது.

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் எல்லாக் கம்பியும் சேர்த்தாயிற்று. ஆறு பொத்தான் போன் ஒன்று கூடத்தில். இன்னொன்றைப் பின்கட்டில் அத்தை அறையில் வைத்தார் இவர். சமையலறை, மாடி, கொட்டகை, வாசல் திண்ணை நாலிலும் சாதாரணப் போன். முதல் விளக்கு சரியாக வேலை செய்தது. மூன்றும் நாலும்கூட. இரண்டாவது, அதாவது மாடி லைன், மட்டும் அடம் பிடித்தது. மணி அடிக்கிறது, எடுத்தால் பேச்சும் கேட்கிறது. ஆனால் பேசப் பேச விளக்கு நிலைக்காமல் விட்டு விட்டு எரிகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் காத்திருக்காமல் லைனே அறுந்துபோகிறது. இவர் அட்டையை மாற்றினார், விளக்கை மாற்றினார், தலையைச் சொறிந்துகொண்டார்.

கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, பேச்சுக் கம்பி வேறே, சேதிக் கம்பி வேறேன்னுதானே சொன்னே?"

"ஆமாம்மா."

"பேச்சு நல்லாத்தானே கேட்குது? அப்போ பேச்சுக் கம்பியிலே கோளாறு இல்லை. எடுத்தாச்சுங்கிற சேதி போய்ச் சேரலை. எடுத்ததே தெரியாத பெட்டிக்குக் காத்திருக்க வைக்க மட்டும் எப்படித் தெரியும்? சேதிக் கம்பியைப் பாரு."

இரண்டாவது லைனின் சேதி ஜோடி வெள்ளையும் சாம்பலும். ஐந்தாம் ஜோடி. நான்தான் பிரித்துக் கொடுத்தது. பார்த்தால், ஒரு கம்பி கவ்வியில் சரியாக உட்காமல் மயிரிழை விலகி நின்றது! அழுத்தி உட்கார வைத்ததும் விளக்கு நிலையாக எரிந்தது. சிவப்பை அழுத்தினால் அழகாகக் கண் சிமிட்டியது. அத்தை ஒன்றும் பேசவில்லை. ஆனால் கைப்பிடியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார் பாருங்கள், அந்த நிமிர்வை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலை உத்தரவு பிறந்தது. "யாரும் நேரே நேரே பேச வேண்டாம். எல்லாம் என் வழியா வரட்டும்." இவர் உடனே அப்படியே அமைத்துவிட்டார். எந்த அறையில் போனை எடுத்தாலும் அத்தையின் விளக்கு எரியும். யார் வேண்டும் என்று அத்தை கேட்பார். கொக்கியை ஒரு தட்டுத் தட்டி, எண்ணைச் சுழற்றி, இணைத்துவிடுவார். ஐந்தாவது பொத்தானில் ஒரு பஸ்ஸர். அதை அத்தை அழுத்தினால் கூடத்தில் 'கிர்ர்' என்னும். எனக்கு இது வேடிக்கையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. மாடியில் இருக்கிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட மாமியாரின் அனுமதியா! ஆனால் ஒன்று. காதில் எதையோ மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளை, நான் தொண்டை கிழியக் கத்தினால் வராதவன், அந்தப் பித்தளை மணிக்கு ஓடி வந்தான்.

இருந்தாலும் என்னிடம் அதே "சரிம்மா"தான். "சமையலறைக்கு மாடி வேணும், அத்தை." "சரிம்மா."

டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்தது. எங்கள் தெருவில் முன்னதாகவே மின்சாரம் போய்விட்டது. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. காற்று என்றால் அப்படியொரு காற்று. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. நள்ளிரவு கழிந்து, சமையலறையில் மணி அடித்தது. இருட்டில் விளக்கு எரியாது. பாட்டரியில் பேச்சும் மணியும் மட்டும் உயிரோடு இருந்தன. தடவிக்கொண்டு போய் எடுத்தேன்.

"சமையலறையா? பின்கட்டு பேசறேன்." நிதானமான, பதற்றமில்லாத குரல். "வேப்ப மரக் கிளை ஓட்டு மேலே விழுந்திருக்கு. தண்ணி இறங்குது. எனக்கு ஒண்ணும் ஆகலை. கதவு திறக்க வரலை. அவனை டார்ச்சு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. முற்றம் பாசி, வழுக்கும். நீ வராதே."

இவரும் பிள்ளையும் கடப்பாரையோடு ஓடினார்கள். நான் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஓடு சரிகிற சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம், அத்தையின் மூச்சு. என்ன பேசுவது? வாயில் வந்தது ஒன்றுதான்.

"அத்தை, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

சற்று நேரம் பதிலே இல்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகு அந்தக் குரல் வந்தது.

"லைன்லே இரு. வைச்சுடாதே."

கதவை நெம்பித் திறக்கிற சத்தம் கேட்கும்வரை நான் வைக்கவில்லை.

இப்போது ஓடு மாற்றியாயிற்று. அத்தையைக் கூடத்துப் பக்கத்து அறைக்கு வரச் சொன்னோம். "எக்ஸ்சேஞ்சை யார் பார்க்கிறது?" என்று மறுத்துவிட்டார். எண்பது தாண்டியாயிற்று, சில நாள் சமையலறைக்குப் பதில் கொட்டகையை இணைத்துவிடுகிறார். சாம்பாரில் உப்பு அதிகம் என்று போன் போட்டே சொல்கிறார். நானும் பதிலுக்குப் பதில் சொல்கிறேன். "சரிம்மா" என்ற வார்த்தையைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

உங்கள் வீட்டில் ஆறு பொத்தான் போன் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய இரும்புக்குப் போட வேண்டியதை வீட்டில் வைத்திருக்கிறேன் என்று என் தங்கை இன்றைக்கும் கேலி செய்கிறாள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விளக்கு எங்கேயோ சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அது எந்த அறை என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் இரண்டொரு சங்கதி எழுத இருந்தேன். அதற்குள், 'கிர்ர்!' கூடத்துப் போனில் இரண்டாவது விளக்கு படபடக்கிறது. மாடியிலிருந்து பிள்ளை, நடுவில் அத்தை. காப்பிக்கு நேரமாயிற்று போலிருக்கிறது. காத்திருப்பவர்களைக் காக்க வைக்கக் கூடாது. வரட்டுமா? மற்றவை அடுத்த வாரம்.